குலைக்கடைக் கணக்கும் காலி விட்ட கட்டங்களும்

கேள்வி: கல்யாணமாகி மார்த்தாண்டம் பக்கம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. மாமா வாழைக்குலை கமிஷன் கடை வைத்திருக்கிறார். தோட்டக்காரர்கள் கொண்டுவரும் குலையை விற்றுக் கொடுத்து, கமிஷன் பிடித்துக்கொண்டு, சனிக்கிழமை சாயங்காலம் கணக்குத் தீர்ப்போம். முன்பு நோட்டில் இருந்த கணக்கை நான்தான் எக்செல்லுக்கு மாற்றினேன். ஒரே ஆள் மூன்று நான்கு ரகம் கொண்டுவந்தால் பெயரை முதல் வரியில் மட்டும் போட்டு, கீழே உள்ள கட்டங்களையும் சேர்த்து மெர்ஜ் பண்ணிவிடுவேன், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஒரு பெயருக்கு உரிய தொகைகளை மட்டும் கூட்டும் சம்இஃப் ஃபார்முலாவைப் போட்டால் அவருடைய முதல் வரித் தொகை மட்டும்தான் வருகிறது. அதனால் ஒவ்வொருவரின் வரிகளையும் மவுஸால் பிடித்து சம் போடுகிறேன். போன வாரம் ஒருவருக்கு 1,340 ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டேன். கடை வாசலில் நின்று ஏசிவிட்டுப் போனார். யாருக்கு, எந்த ரகத்தில், எவ்வளவு என்று தானாகக் கூட்டி வர வழி உண்டா? எக்செல்லே தொகுத்துக் கொடுக்கும் பிவட் டேபிள் போதும் என்கிறார் என் வீட்டுக்காரர். கணக்கின் இரண்டு வாரப் பக்கங்களை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்த 1,340 ரூபாய். நீங்கள் அனுப்பிய பக்கங்களில் அது எங்கே விழுந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். கொஞ்சம் பொறுங்கள், அதற்கு வருகிறேன்.

இளவயதில் நான் ஒரு தேங்காய்க் கடையில் பேரேடு எழுதினேன். ஒரே ஆளுடைய சரக்கு அடுத்தடுத்த வரியில் வந்தால் பெயரைத் திரும்ப எழுத மாட்டோம். 'மேற்படி' என்று போடுவோம். கை வலித்தால் அதுவும் இல்லை, இரண்டு சின்னக் கோடு. நோட்டைப் பார்க்கிற மனுஷனுக்கு அது போதும், கண் தானாக மேலே ஏறிப் பெயரை எடுத்துக்கொள்ளும். நீங்கள் மெர்ஜ் பண்ணுவதும் அதே மேற்படிதான், கொஞ்சம் அழகாக. ஆனால் எக்செல்லுக்கு மேற்படி தெரியாது. மெர்ஜ் செய்த நான்கு கட்டத்தில் மேல் கட்டத்தில் மட்டும்தான் பெயர் இருக்கிறது, மற்ற மூன்றும் அதன் கணக்கில் காலி. சம்இஃப் ஒவ்வொரு வரியாக நின்று 'இந்த வரியில் இந்தப் பெயர் இருக்கிறதா' என்று மட்டும் கேட்கும். மேலே எட்டிப் பார்க்காது.

ஐந்து வரி எடுத்துப் பார்ப்போம். ஆள் பெயருக்குப் பதில் விளையின், அதாவது தோட்டத்தின், பெயர் போடுகிறேன், விலையும் உதாரணத்துக்குத்தான். மேலவிளையார் ஏத்தன் 62 கிலோ, 40 ரூபாய் வீதம் 2,480. அவருடைய அடுத்த வரி மட்டி 18 கிலோ, 50 வீதம் 900. மூன்றாவது வரியில் மறுபடியும் ஏத்தன், கொஞ்சம் சிறிய காய், 35 கிலோ, 38 வீதம் 1,330. அப்புறம் ஆற்றுவிளையார் செந்தொழுவன் 27 கிலோ, 60 வீதம் 1,620. அவருடைய ஏத்தன் 44 கிலோ, 40 வீதம் 1,760. மொத்தம் 8,090 ரூபாய். மேலவிளையாருக்கு வர வேண்டியது 4,710. பெயர் முதல் வரியில் மட்டும் இருந்தால் சம்இஃப் கொடுப்பது 2,480. ஆற்றுவிளையாருக்கு 3,380க்குப் பதில் 1,620. இரண்டு பேருக்கும் சேர்த்து 3,990 ரூபாய் காலிக் கட்டங்களுக்குள் போய்விட்டது. ஃபார்முலாவில் தப்பு இல்லை. அது கேட்ட கேள்விக்கு அந்தத் தாளில் இருந்த பதில் அவ்வளவுதான்.

இனி 1,340. உங்கள் இரண்டாவது பக்கத்தில், கீழிருந்து ஆறாவது வரியில், தொகைக் கட்டத்தில் '1340/-' என்று தட்டியிருக்கிறீர்கள். பில் எழுதிப் பழகிய கை ரூபாய்க்குப் பின்னால் ஒரு சாய்கோடும் ஒரு கோடும் போடாமல் நிற்காது. என் கையும் அப்படித்தான். ஆனால் அந்தக் கோடு விழுந்த உடனே எக்செல் அதை எண்ணாக எடுக்காமல் எழுத்தாக வைத்துக்கொண்டுவிடும். சம் போட்டால் எழுத்தை ஓசைப்படாமல் தாண்டிப் போகும், பிழை என்றும் சொல்லாது. எண் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், எழுத்து இடது ஓரத்தில் நிற்கும். அதைப் பார்த்தே பிடித்திருக்கலாம். நீங்கள் எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தி அழகு பண்ணியிருப்பதால் தெரியாமல் போயிற்று. எடைக் கட்டத்திலும் இரண்டு இடத்தில் '48 கிலோ' என்று இருக்கிறது. அதுவும் எழுத்துதான். கிலோ என்பதை மேலே தலைப்பில் போடுங்கள், கட்டத்தில் 48 மட்டும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி. தொகைப் பத்தி எஃப் என்றால், ஒரு ஓரத்தில் =கவுன்ட்ஏ(எஃப்2:எஃப்1000)-கவுன்ட்(எஃப்2:எஃப்1000) என்று போடுங்கள். முதலாவது நிரம்பிய கட்டங்களை எண்ணும், இரண்டாவது எண் உள்ள கட்டங்களை மட்டும் எண்ணும். விடை 0 என்றால் நிம்மதி. 1 என்றால் எங்கோ ஒரு '/-' ஒளிந்திருக்கிறது. (ஃபார்முலாக்களைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். சம்இஃப்ஸ் என்று பின்னால் வரும், அது எஸ், யு, எம், ஐ, எஃப், எஸ் ஆறும் இடைவெளி இல்லாமல்.)

சரி, காலிக் கட்டங்களை நிரப்புவோம். அதற்கு முன் ஒரு காரியம், இதை மறந்தால் எல்லாம் இரட்டிப்பாகும். ஒவ்வொருவரின் வரிகளுக்குக் கீழே நீங்கள் 'மொத்தம்' என்று ஒரு வரி செருகியிருக்கிறீர்கள். அந்த வரியில் பெயர்க் கட்டம் காலி. நிரப்பும்போது அதற்கும் அவர் பெயரே இறங்கும், மேலவிளையாருக்கு 4,710க்குப் பதில் 9,420 வரும். ஆகவே மொத்த வரிகளை முதலில் அழித்துவிடுங்கள். ஆட்களுக்கு நடுவில் விட்ட வெற்று வரிகளையும்.

பிறகு பெயர்ப் பத்தியை, அதாவது பி2 முதல் கடைசி வரி வரை, தேர்ந்தெடுத்து மெர்ஜை எடுத்துவிடுங்கள். தேர்வு அப்படியே இருக்கட்டும். கன்ட்ரோல் பொத்தானோடு ஜி அழுத்தினால் ஒரு பெட்டி வரும், அதில் ஸ்பெஷல், அதற்குள் பிளாங்க்ஸ், ஓகே. காலிக் கட்டங்கள் மட்டும் நிறம் மாறி நிற்கும். இப்போது எங்கேயும் கிளிக் பண்ணாமல் = தட்டுங்கள், மேல்நோக்கிய அம்பை ஒரு முறை அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து. அத்தனை காலியிலும் மேலே உள்ள பெயர் ஒரே அடியில் இறங்கிவிடும். முதல் முறை பார்க்கும்போது எனக்கு ஏதோ கண்கட்டு வித்தை மாதிரி இருந்தது.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். இப்போது அந்தக் கட்டங்களில் இருப்பது பெயர் அல்ல, 'எனக்கு மேலே உள்ளதுதான் நான்' என்ற ஃபார்முலா. பழைய மேற்படியே வேறு உருவில். இந்த நிலையில் யாராவது ரகவாரியாக வரிசை மாற்றினால் ஒவ்வொரு கட்டமும் தனக்குப் புதிதாக மேலே வந்தவரின் பெயரைக் காட்டும், ஆற்றுவிளையாரின் ஏத்தன் வேறு யார் தலையிலோ ஏறிவிடும். ஆகவே பி பத்தி முழுவதையும் காப்பி எடுத்து, அதே இடத்தில் பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் என்று ஒட்டுங்கள். இனி அது உறைந்த பெயர். 'காலிக் கட்டமே இல்லை' என்று எக்செல் சொன்னால் பயப்பட வேண்டாம், நீங்கள் எங்கோ ஸ்பேஸ் தட்டி வைத்திருப்பீர்கள். பார்வைக்குக் காலி, உள்ளே ஒரு எழுத்து.

போனில் கூகுள் ஷீட்ஸில் போடுகிறவர்களுக்கு இந்த பிளாங்க்ஸ் வழி கிடையாது. அவர்கள் பக்கத்தில் ஒரு வெற்றுப் பத்தியில், ஜி2 என்று வைத்துக்கொள்வோம், =இஃப்(பி2="",ஜி1,பி2) என்று போட்டுக் கீழே இழுத்துவிடலாம். பெயர் இருந்தால் அதை எடுக்கும், இல்லையென்றால் தனக்கு மேலே உள்ளதை எடுக்கும். அதையும் உறைய வைத்துவிட்டுத்தான் வரிசை மாற்ற வேண்டும்.

இனிதான் நீங்கள் கேட்டது. ஒரு நிபந்தனைக்கு சம்இஃப் போதும், ஆள், ரகம் என்று இரண்டு வந்தால் சம்இஃப்ஸ். எக்செல் 2007இல் வந்தது, ஆகவே உங்கள் கடைக் கம்ப்யூட்டரில் கட்டாயம் இருக்கும். இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் பலரைக் கவிழ்க்கிறது. சம்இஃப்பில் கூட்ட வேண்டிய பத்தி கடைசியில் வரும். சம்இஃப்ஸில் அதுதான் முதலில் வரும், நிபந்தனைகள் இரண்டிரண்டாகப் பின்னால்.

தாளின் வலது பக்கம் எச் பத்தியில், எச்2 முதல் கீழ்நோக்கி, தோட்டக்காரர் பெயர்களை ஆளுக்கு ஒரு முறை எழுதுங்கள். முதல் வரியில் ஐ முதல் எம் வரை ரகங்கள்: ஏத்தன், செந்தொழுவன், மட்டி, ரசகதலி, பாளையங்கோட்டான். ஐ2 கட்டத்தில் இதைத் தட்டுங்கள்:

=சம்இஃப்ஸ்($எஃப்$2:$எஃப்$1000,$பி$2:$பி$1000,$எச்2,$சி$2:$சி$1000,ஐ$1)

எஃப் தொகை, பி பெயர், சி ரகம். எச்2இல் உள்ள பெயரும் ஐ1இல் உள்ள ரகமும் ஒரே வரியில் சேர்ந்து வந்தால் மட்டும் அந்த வரியின் தொகையைக் கூட்டு என்று பொருள். மேலவிளையாரின் ஏத்தனுக்கு 2,480உம் 1,330உம் சேர்ந்து 3,810 வர வேண்டும். டாலர் குறிகளைப் பார்த்து மலைக்க வேண்டாம், அவை ஆணி. $எச்2 என்றால் எச் பத்தியில் ஆணி அடித்தாயிற்று, வரி மட்டும் நகரலாம். ஐ$1 என்றால் முதல் வரியில் ஆணி, பத்தி நகரலாம். இப்படி ஆணி அடித்தால் ஒரே ஃபார்முலாவை வலப்பக்கமும் கீழேயும் இழுத்து முழு அட்டவணையையும் நிரப்பலாம். ஆணி தப்பினால் இழுத்த இடமெல்லாம் தொகை வரும், தப்பான தொகை. மூன்று பத்தியும் ஒரே அளவில் இருக்கட்டும். ஒன்று 1000 வரை, ஒன்று 900 வரை என்று இருந்தால் சம்இஃப்ஸ் பிழை காட்டி நின்றுவிடும், அது நல்லதுதான். சம்இஃப் அப்படி நிற்காது, தானே அளவைச் சரிக்கட்டிக்கொண்டு ஒரு தொகையைச் சொல்லிவிடும். இதற்காகவே ஒரு நிபந்தனை இருந்தாலும் நான் சம்இஃப்ஸையே போடுகிறேன்.

உங்கள் கடையில் எனக்கு அதிகப் பயம் ரகத்தின் பெயரில்தான். மாமா ஏத்தன் என்பார், கேரளாவிலிருந்து வருகிற வியாபாரி நேந்திரன் என்பார், நீங்கள் ஒரு இடத்தில் ஏத்தங்காய் என்று எழுதியிருக்கிறீர்கள். செந்தொழுவன் இன்னொரு பக்கத்தில் செவ்வாழை ஆகியிருக்கிறது. நமக்கு இரண்டே ரகம். எக்செல்லுக்கு ஐந்து ரகம். எழுத்துக்கு எழுத்து ஒத்துவந்தால்தான் அது கூட்டும், பின்னால் ஒரு ஸ்பேஸ் அதிகமாக இருந்தாலும் கூட்டாது. தமிழில் கூடுதல் தொல்லை ஒன்று உண்டு. 'ௌ' குறிக்குப் பதிலாகக் கொம்பு போட்டு ள தட்டினாலும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். ஸ்ரீ எழுத்துக்கு யூனிகோடில் இரண்டு வழி இருக்கிறது, கீபோர்டைப் பொறுத்து ஏதாவது ஒன்று விழும். நம் ஊரில் ஸ்ரீயில் தொடங்கும் பெயர்களுக்குக் குறைவா என்ன? போனில் தட்டியதும் கம்ப்யூட்டரில் தட்டியதும் பார்க்க ஒன்றாக இருக்கும், கணக்கில் இரண்டு ஆளாகப் பிரியும்.

தட்டவே விடாமல் இருப்பதுதான் மருந்து. சி பத்தியைத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் டேட்டா வேலிடேஷன், லிஸ்ட் என்று போய் ஐ1 முதல் எம்1 வரை உள்ள ரகங்களைக் காட்டிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் பட்டியல் விரியும், எடுத்துப் போட வேண்டியதுதான். பெயருக்கும் அப்படியே. பழைய வரிகளைத் திருத்த ஃபைண்ட் அண்ட் ரீபிளேஸ் போதும்.

மட்டி பற்றி ஒரு வார்த்தை. கன்னியாகுமரி மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, மட்டி மட்டும் எவ்வளவு போனது என்று தனியாக எழுதி வைப்பது உங்களுக்கு உதவும். நிபந்தனையில் மட்டி என்று இருந்தால் செம்மட்டி அதில் சேராது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் "*மட்டி" என்று முன்னால் நட்சத்திரம் போடுங்கள், மட்டியில் முடிகிற எல்லாம் வந்துவிடும்.

வாரக் கணக்குக்குத் தேதியும் வேண்டும், ஏ பத்திதான் தேதி. க்யூ1இல் வாரத்தின் முதல் தேதி, க்யூ2இல் கடைசித் தேதி எழுதி, மேலே சொன்ன ஃபார்முலாவில் அடைப்புக்குறி மூடுவதற்கு முன் ,$ஏ$2:$ஏ$1000,">="&$க்யூ$1,$ஏ$2:$ஏ$1000,"<="&$க்யூ$2 என்று சேருங்கள். மேற்கோள் குறியை நீங்களே தட்டுங்கள். வாட்ஸாப்பிலிருந்து ஒட்டினால் சில நேரம் வளைந்த குறி வரும், எக்செல் அதை ஏற்காது. தேதியை நாளுக்கும் மாதத்துக்கும் நடுவில் புள்ளி வைத்து எழுதும் வழக்கத்தையும் விடுங்கள், பெரும்பாலும் அது எழுத்தாகவே நின்றுவிடும். சாய்கோடு போடுங்கள். எஃப் பத்திக்குச் சொன்ன கவுன்ட்ஏ, கவுன்ட் சோதனையை ஏ பத்திக்கும் ஒன்று வைத்துவிடுங்கள்.

சராசரி விலையும் நீங்கள் போடுகிறீர்கள் என்று பக்கத்தின் ஓரத்தில் தெரிந்தது. விலைப் பத்தியை ஆவரேஜ் போடுவது தப்பு. ஓணத்துக்கு முந்தின வாரம் ஏத்தன் விலை ஏறும்போது 10 கிலோ 60 ரூபாய்க்கும், மற்ற நாளில் 90 கிலோ 40 ரூபாய்க்கும் போனது என்று வையுங்கள். விலைகளின் சராசரி 50 என்று வரும். உண்மையில் 100 கிலோவுக்கு வந்தது 4,200 ரூபாய், கிலோவுக்கு 42தான். தொகையின் சம்இஃப்ஸை எடையின் சம்இஃப்ஸால் வகுத்துவிடுங்கள்.

வீட்டுக்காரர் சொன்ன பிவட் டேபிள் நல்ல சாமான்தான். ஆனால் அதற்கும் காலிக் கட்டங்களை நிரப்பித்தான் ஆக வேண்டும். நிரப்பாவிட்டால் பெயரில்லாத வரிகளையெல்லாம் 'பிளாங்க்' என்று ஒரு ஆளாக்கி வைத்துவிடும். அப்புறம், புதிய வரி சேர்த்த பிறகு ரிஃப்ரெஷ் கொடுக்காவிட்டால் பழைய தொகையையே காட்டிக்கொண்டிருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் முப்பது பேர் வாசலில் நிற்கும்போது ரிஃப்ரெஷ் நினைவில் இருக்குமா? மாதக் கடைசியில் நிதானமாகப் பார்க்க பிவட், பணம் எண்ணிக் கொடுக்கிற நாளுக்கு ஃபார்முலா. என் யோசனை இதுதான்.

எம் பத்திக்கு அடுத்த 'என்' பத்தியில் ஒவ்வொருவருக்கும் =சம்(ஐ2:எம்2) என்று குறுக்குக் கூட்டல் போடுங்கள். அட்டவணைக்குக் கீழே, அந்த வாரத் தேதி நிபந்தனை மட்டும் வைத்த சம்இஃப்ஸிலிருந்து 'என்' பத்தியின் கூட்டலைக் கழியுங்கள். பூஜ்யம் வராவிட்டால் யாரோ ஒருவரின் பெயரோ ரகமோ அட்டவணையில் இல்லை, அல்லது எழுத்து மாறியிருக்கிறது. பணப்பெட்டியைத் திறப்பதற்கு முன் இந்த ஒரு கட்டத்தையும், அந்த இரண்டு கவுன்ட் கட்டங்களையும் பாருங்கள். '/-' வகைத் தப்பு இந்தப் பூஜ்யத்தில் தெரியாது, இரண்டு பக்கமும் அதைத் தாண்டிப் போய்விடும். அதனால்தான் கவுன்ட்.

பார்வைக்கு அழகு போய்விடுமே என்று நினைப்பீர்கள். இனி பெயரை ஒவ்வொரு வரியிலும் போடுங்கள். கன்ட்ரோலோடு டி அழுத்தினால் மேல் கட்டத்தில் உள்ளது அப்படியே இறங்கும், தட்டவே வேண்டாம். பழைய மேற்படி ஒரே பொத்தானில் வந்துவிட்டது. பிறகு பி2 முதல் தேர்ந்தெடுத்து கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் =$பி2=$பி1 என்று ஃபார்முலா விதி வைத்து, எழுத்து நிறத்தை வெளிர் சாம்பலாக்குங்கள். அடுத்தடுத்து வரும் அதே பெயர் மங்கிவிடும், முதல் வரிப் பெயர் மட்டும் எடுப்பாகத் தெரியும். முழு வெள்ளையாக்க வேண்டாம். ஃபில்டர் போடும்போது முதல் வரி மறைந்து, பெயரே இல்லாத மாதிரித் தெரிந்து குழப்பும்.

முதலில் ஃபைலை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். எல்லாம் போட்டு முடித்த பிறகு மாமாவைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, அந்த '1340/-' கட்டத்தைத் திறந்து சாய்கோட்டையும் கோட்டையும் அழித்து என்டர் தட்டுங்கள். அந்தத் தோட்டக்காரரின் தொகை மாமாவின் கண் முன்னாலேயே 1,340 ஏறும். பாக்கியைச் சனிக்கிழமை வரை வைக்க வேண்டாம், யாரிடமாவது அன்றே கொடுத்து அனுப்பிவிடுங்கள்.